குளிர்காலத்துக்கு ஒரு பங்கு

ஊர்மிளாபென் பக்தா ஒருவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலணியைப் பார்ப்பார். சேறு ஒட்டியிருந்தால் பழைய கம்பளம் விரித்த ஒன்பதாம் அறை. பளபளவென்று இருந்தால் சாலையோரத்து அறை. அப்படிப்பட்டவர்கள் தூங்கும்வரை தொலைக்காட்சியை அலறவிடுவார்கள், லாரிச் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. கூடவே குட்டிக் குட்டிச் செருப்புகள் வந்தால் ஐஸ் இயந்திரத்துக்கு எட்டாத அறை. அடையாள அட்டையைக் கையில் வாங்குவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அவர் வாய் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறீர்கள், அந்தக் காரை யார் இப்படி இடித்தது.

கார்வர் ஊரின் பழைய நெடுஞ்சாலையில் இருக்கிற 'ப்ளூ கேட்' மோட்டல் அவருடையது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். பதினெட்டு அறைகள், முன்னால் அலுவலகம், அதற்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக அவர்கள் வீடு. கணவர் தாக்கோர்பாய் கையில் எப்போதும் ஒரு குறடு இருக்கும். பேச வேண்டிய இடத்திலெல்லாம் அவர் அந்தக் குறடோடு எங்காவது போய்விடுவார்.

நான் அங்கே துணி துவைக்கும் அறையில் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆங்கிலம் வருவதற்கு முன்பே எனக்குக் குஜராத்தி வந்துவிட்டது. ஊர்மிளாபென் இருக்கிற கட்டடத்தில் அது காதில் விழாமல் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

கார்வரில் அறை எடுக்கிற எவரும் வாடகையோடு நூற்றுக்கு இரண்டு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அரசாங்கம் போட்ட வரி இல்லை அது. ஊரிலுள்ள விடுதிக்காரர்கள் எல்லோரும் கூடி, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. அந்தப் பணத்தில்தான் 'கார்வருக்கு வாருங்கள்' என்று ஊர் ஊராக விளம்பரம் போகும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து ட்ரேசி ஹோல்ம்பர்க் என்ற பெண் அதை நடத்திவந்தாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்த ஏற்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும். சேர்கிற பணத்தில் பாதிக்குமேல் யார் யார் விடுதிகளிலிருந்து வருகிறதோ, அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது தொடரும். பெரிய விடுதிக்குக் கனமான கையெழுத்து, சின்ன விடுதிக்கு லேசான கையெழுத்து.

புது நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் மூன்று பெரிய ஓட்டல்கள் சேர்ந்தாலும் பாதியைத் தொடாது. மிச்சத்துக்கு ட்ரேசி பழைய சாலைக்கு வருவாள், கையில் ஒரு பாதாம் பிஸ்கட் டப்பாவோடு. பழைய சாலையில் இருந்த விடுதிகள் எல்லாமே குஜராத்திகளான பக்தாக்களும் பட்டேல்களும் நடத்துபவை. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள்.

அந்த வருடம் ஊர்மிளாபென் பிஸ்கட் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ட்ரேசி, உக்காரு. இந்த விளம்பரத்தைப் பாரு. என்ன தெரியுது?"

"நீச்சல் குளம், உர்மி. திராட்சைத் தோட்டம். ஒயின் கிளாஸ்."

"என் மோட்டல்ல நீச்சல் குளம் இருக்கா?"

"இல்லை."

"இருந்துச்சு. மூடி மண்ணைப் போட்டு எங்க வீட்டுக்காரர் வெண்டைக்காய் போட்டிருக்கார். சரி, இந்தப் படத்துல இருக்கறது எந்த மாசம்?"

"ஜூலை."

"ஜூலைல எனக்கு எதுக்கு விளம்பரம்? ஜூலைல ஒரு நாய்க்கூண்டுல மெத்தை போட்டாக்கூட வாடகைக்குப் போயிடும். டிசம்பர்ல வந்து பாரு. நானும் அவரும் இந்தப் பொண்ணும்தான். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

அவர் சொன்னது உண்மை. நவம்பர் பிறந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் தரையோடு தரையாக மூடுபனி இறங்கிவிடும். எதிர்ப்பக்கத்து டயர் கடை விளக்குகூடத் தெரியாது. அறைகள் காலியாகக் கிடக்கும். காலி அறை என்றால் சும்மா கிடக்கும் என்று நினைக்கக் கூடாது. குழாய் உறையாமல் இருக்க ஹீட்டர் ஓட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை நான் போர்வைகளை உதறி மடிக்க வேண்டும். கோடையில் சம்பாதித்ததைக் குளிர்காலம் தின்றுவிடும். மகன் பாவின் சான் ஹோசேயிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அதையே சொல்வான். "இன்னும் ஒரு குளிர்காலம் இப்படிப் போச்சுன்னா வித்துடணும்மா. இது கடைசி." ஊர்மிளாபென் சரி சரி என்பார். போனை வைத்ததும் முகம் சுருங்கிப்போகும். பிறகு யாரையாவது கூப்பிட்டுத் திட்டுவார். பெரும்பாலும் என்னை.

ஆனால் அந்தப் பனியிலும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு மேற்கே, அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய சோள வயல்களில் குளிர்காலம் முழுக்க வடக்கிலிருந்து வந்த நாரைகள் நிற்கும். சாம்பல் நிறம், நெற்றியில் சிவப்பு, முக்கால் ஆள் உயரம். அதைப் பார்க்க முழங்கை நீளத் தொலைநோக்கிகளோடு கிழவர்களும் கிழவிகளும் வருவார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போவார்கள், காலில் சேற்றோடு திரும்புவார்கள். ஒன்பதாம் அறை போதாமல்போய் ஊர்மிளாபென் எட்டுக்கும் பத்துக்கும் பழைய கம்பளம் தேடினார்.

"எனக்கு அந்தக் கொக்கு மேல எந்த ஆசையும் கிடையாது," என்றார் ட்ரேசியிடம். "ஒரு கொக்குக்கும் இன்னொரு கொக்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா அதுங்க சரியா டிசம்பர்ல வருதுங்க பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நம்ம பணத்துல கால் பங்கு குளிர்காலத்துக்கு. கொக்குப் படம் போட்டு விளம்பரம். எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்."

"பெரிய ஓட்டல்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, உர்மி. பணத்தை எதுக்குச் செலவு பண்றதுன்னு முடிவு பண்ற குழுவுல அவங்கதான் இருக்காங்க."

"அப்ப அவங்களே எல்லாக் கையெழுத்தையும் போட்டுக்கட்டும்."

ட்ரேசி போனதும் ஊர்மிளாபென் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வெந்தயக்கீரை போட்ட மேத்தி ரொட்டி தேய்க்க உட்கார்ந்தார். பழைய சாலை முழுவதும் ஒரே மாவில் பேசி முடித்தார். "கேளு கபில், பிஸ்கட்டை வாங்கிக்க. பேனாவைத் தொடாதே." "என்ன சவிதா, ட்ரேசி பாவமா? நம்ம பாவம் இல்லையா?" ஞாயிற்றுக்கிழமை கபில்பாயின் விடுதிப் பின்கட்டில் எல்லோரும் கூடினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர்தான் வர முடிந்தது, இன்னொருவர் கல்லாவில் நிற்க வேண்டும். டீ குடித்தார்கள், பெரிய ஓட்டல்காரர்களைத் திட்டினார்கள், ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. திரும்பி வரும்போது ஊர்மிளாபென் காரில் பாடிக்கொண்டே வந்தார்.

ட்ரேசிக்கு வேறு வழியில்லை. குழுவைக் கூட்டினாள். அங்கே என்ன நடந்ததோ, அடுத்த வாரம் அவள் எங்கள் அலுவலகத்துக்குள் ஓடிவந்தபோது கோட்டின் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"கால் பங்கு! நவம்பரிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும்! எழுதியே வாங்கிட்டேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து எல்லாம் நகர மன்றத்துக்குப் போயாகணும். இல்லைன்னா மொத்த ஏற்பாடும் செத்துப்போச்சு. குளிர்காலமும் இல்லை, கோடையும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை."

ஊர்மிளாபென் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தாக்கோர்பாயைக் கூப்பிட்டு, குறடை வாங்கி வைத்துவிட்டு, பேனாவைக் கொடுத்தார். அவரும் அழகாகக் கையெழுத்துப் போட்டார். ட்ரேசி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் தலைக்கு மேலே பார்த்தாள்.

கல்லாவுக்குப் பின்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தொழில் உரிமம் மாட்டியிருந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை அதன் தூசியைத் துடைத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் படித்ததில்லை, அவர்களும் படித்ததில்லை. அது எப்போதும் எங்கள் முதுகுப் பக்கம்தான் இருந்தது.

"மணுபாய் பக்தா யாரு?" என்று கேட்டாள் ட்ரேசி.

தாக்கோர்பாய் குறடை எடுத்துக்கொண்டார்.

"அங்கேயே நில்லுங்க," என்றார் ஊர்மிளாபென்.

"உரிமத்துல யார் பேர் இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணும்," என்றாள் ட்ரேசி. "போன தடவை யாரும் ஒத்துப் பார்க்கலை. இப்ப வந்திருக்கிற நகர வக்கீல் ஒவ்வொரு பேரையும் பார்க்கிறார்."

அன்று மாலைக்குள் பழைய சாலை முழுக்க ஒரே கூச்சல். எல்லோரும் அவரவர் சுவரைத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். கபில்பாயின் விடுதி சொந்த ஊர் நவ்சாரியில் இருக்கும் மாமா பெயரில் இருந்தது. சவிதாபென் நடத்தும் விடுதி, அவர் கணவரின் நண்பர் பெயரில். அந்த நண்பர் ஜாம்பியாவுக்குப் போய் மரக்கடை வைத்திருந்தார். இந்தச் சனத்தின் வழக்கம் அது. ஒருவர் முதலில் வருவார், வாங்குவார், அடுத்து வருகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய் இன்னொன்று வாங்குவார். உட்கார்ந்தவர் விலையை மெல்ல மெல்லக் கொடுத்து முடிப்பார். வாய்ப்பேச்சில் எல்லாம் சுத்தமாக இருக்கும். காகிதத்தை மாற்றுவது என்றால் சொந்தக்காரனை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடுமே என்று யாரும் மாற்ற மாட்டார்கள்.

மாமாவும் மரக்கடைக்காரரும் சிரித்துக்கொண்டே கையெழுத்தை அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமைக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ட்ரேசி கூட்டிப் பார்த்தாள். பாதிக்கு ஒரு மயிரிழை குறைந்தது. எங்கள் பதினெட்டு அறை சேர்ந்தால் தாண்டிவிடும்.

ஆனால் எங்கள் உரிமத்தில் பெயர் இருந்த மணுபாய், தாக்கோர்பாயின் அண்ணன், ஹூஸ்டனில் இருந்தார். அவரோடு இவர்களுக்குப் பேச்சு நின்று பன்னிரண்டு வருடம்.

அந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மணுபாய் மகள் கல்யாணத்தில் பரிமாறிய மோர்க்குழம்பைப் பார்த்து ஊர்மிளாபென், "இதுல கை கழுவலாமா, குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. குழம்பைச் சொன்னதுகூடப் பெரிதில்லை. சொன்னது மணுபாய்க்கு நேரே நின்று. அவர்கள் வீட்டில் தம்பி மனைவி, கணவனின் அண்ணனோடு நேராகப் பேசக் கூடாது. தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, வேறு யாரிடமாவது சொல்ல வேண்டும், அவர் போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும். மற்ற குடும்பங்கள் அதை எப்போதோ விட்டுவிட்டன. ஊர்மிளாபென்னின் மாமியார் விடவில்லை. அவர் போன பிறகு விடலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் தாக்கோர்பாய் போனைக் கல்லாமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினார். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். போகவா என்று ஊர்மிளாபென்னைப் பார்த்தேன். இரு என்று கை காட்டினார்.

"மோட்டாபாய், ஜெய் ஸ்ரீகிருஷ்ணா." அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"யாரு?"

"நான் தாக்கோர்."

"எந்தத் தாக்கோர்?"

"உங்க தம்பி."

"ஓ. இருக்கியா இன்னும்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க," என்றார் ஊர்மிளாபென்.

"நல்லா இருக்கேன்."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, தொண்டை அப்படியேதான் இருக்குன்னு."

"ஊர்மிளா, உன் தொண்டை..."

"கேட்டுச்சு! அவர்கிட்ட சொல்லுங்க, ஒரு கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"மோட்டாபாய், ஒரு கையெழுத்து..."

"எனக்கும் காது இருக்குடா. எதுக்குக் கையெழுத்து?"

தாக்கோர்பாய் விளக்கினார். இரண்டு சதவீதம், ட்ரேசி, வக்கீல், கொக்கு. அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பாவின் போன மாசம் எனக்கு போன் பண்ணான்," என்றார் மணுபாய். "வித்துடலாம் பெரியப்பான்னான். எனக்கும் அது சரின்னு படுது. விக்கப்போற இடத்துக்கு அஞ்சு வருஷ ஏற்பாடு எதுக்கு? பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்லை. நாளைக்கு வரேன்." போன் நின்றுவிட்டது.

ஊர்மிளாபென் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவின் அவருக்கு போன் பண்ணியிருக்கான்," என்றார் மெதுவாக. அன்று அவர் யாரையும் திட்டவில்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் மணுபாய் வந்து இறங்கினார். குட்டையான மனிதர். தலையில் குரங்குக் குல்லாய், அதற்கு மேல் இன்னொரு தொப்பி. கையில் ஒரு ஜாடி. மனைவி கொடுத்தனுப்பிய மாங்காய் இனிப்பு ஊறுகாய். அதைக் கல்லாமேல் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. ஊர்மிளாபென் புடவை கட்டாமல் ஸ்வெட்டர் போட்டிருந்தார், முந்தானைக்குப் பதிலாகச் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

அன்று பார்த்து பதினாலாம் அறைக் குழாய் ஒழுகுகிறது என்று தாக்கோர்பாய் போய்விட்டார். காலையில் நான்தான் அந்த அறையைக் கழுவினேன். எதுவும் ஒழுகவில்லை.

மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

"உன் பேர் என்னம்மா?"

"பாக்கியம்."

"பாக்கியபென், அவங்ககிட்ட கேளு. போன டிசம்பர்ல எத்தனை அறை போச்சு?"

நான் திரும்பினேன். "வந்து... எத்தனை அறை..."

"கேட்டுச்சு. சொல்லு, நாலு. ரொம்ப நல்ல நாள்னா அஞ்சு."

"நாலு. நல்ல நாள்னா..."

"கேட்டுச்சு," என்றார் மணுபாயும். "அப்புறம் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழணும்னு கேளு. வித்துட்டுப் பையன் வீட்ல போய் நிம்மதியா உக்காரலாம்ல?"

"சொல்லு, நிம்மதியா உக்காந்து யாரை அதட்டறது? மருமக ஆபீஸுக்குப் போயிடுவா. பேரன் காதுல எதையோ செருகிக்கிறான். சுவத்தைத்தான் அதட்டணும்."

நான் வலமும் இடமும் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வேர்த்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் கேட்கிறது, இருந்தும் என் வாய் வழியாகப் போனால்தான் அது பேச்சு. நான் முடிக்கும்வரை இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"கடைசியா ஒண்ணு கேளு," என்றார் மணுபாய். "இது யாரோட மோட்டல்?"

ஊர்மிளாபென் சுவரைப் பார்த்தபடியே கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லு, அந்தக் கண்ணாடிக்குள்ள அவரோடது. கண்ணாடிக்கு வெளியே பதினெட்டுக் கக்கூஸும் என்னோடது."

அதை எப்படி நான் ஒரு பெரிய மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்? கையில் இருந்த துண்டை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

"சொல்லு பாக்கியம்," என்றார் ஊர்மிளாபென்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அதற்குள் சிரிப்பு வேறு வந்துவிட்டது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது.

"பாவம், அந்தப் பொண்ணை ஏன் வதைக்கிறே?" என்று மணுபாயின் குரல் கேட்டது. "நீயே சொல்லிடேன், ஊர்மிளா."

துண்டை விலக்கிப் பார்த்தேன். ஊர்மிளாபென் திரும்பி நின்றிருந்தார். சால்வை நழுவித் தோளில் கிடந்தது. "பா இருந்தா..." என்று மாமியாரைச் சொல்லித் தொடங்கினார்.

"பா போயாச்சு. நமக்கும் முழங்கால் போயாச்சு. இனிமே இந்த நாடகத்துக்கு ஆள் தேட முடியாது."

ஊர்மிளாபென் ஒரு நிமிடம் அவர் காலணியைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "மோட்டாபாய், அன்னைக்கு அந்த மோர்க்குழம்பு பத்தி நான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது."

"குழம்பு மோசம்தான்."

"என்னது?"

"கூப்பிட்டது ஐநூறு பேரை. வந்தது அதைப் போல ஒண்ணரை மடங்கு. சமையல்காரன் ஓடிவந்து என்ன பண்றதுன்னான். தண்ணியை ஊத்துன்னு சொன்னது நான்தான். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீ ஒரே ஒரு வாய் வச்சுட்டுக் கண்டுபிடிச்சிட்டே. அதுதான் எனக்குப் பொறுக்கலை."

"பன்னெண்டு வருஷமா?"

"தினமும் இல்லை. அப்பப்ப."

ஊர்மிளாபென் சிரித்த சிரிப்பில் தாக்கோர்பாய் பதினாலாம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சண்டை இல்லை என்று தெரிந்ததும் தைரியமாக வந்து உட்கார்ந்தார். எல்லோரும் டீ குடித்தோம். ஆனால் காகிதம் கல்லாமேல் அப்படியே கிடந்தது.

"கோபம் வேற, வியாபாரம் வேற," என்றார் மணுபாய், வெளியே வெள்ளையாக நின்ற பனியைக் காட்டி. "இதுக்குள்ள ஒரு பறவையைப் பார்க்கக் காசு குடுத்து எவன் வருவான்? எவ்வளவு விளம்பரம் போட்டா என்ன?"

"பத்தாம் அறையில ரெண்டு பேர் இருக்காங்க. காலையில அவங்களோட போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

பத்தாம் அறையில் இருந்தது டோரதி என்ற கிழவியும் அவள் தங்கையும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஊர்மிளாபென் அவர்களுக்கு காபியும் மேத்தி ரொட்டியும் கட்டிக் கொடுத்து, பின் சீட்டில் மணுபாயை ஏற்றி அனுப்பினார். இரண்டு தொப்பிக்கு மேல் ஒரு போர்வையும் போர்த்தியிருந்தார்.

அவர்கள் திரும்பும்வரை ஊர்மிளாபென் ஒரே கல்லாவை மூன்று தடவை துடைத்தார். ட்ரேசி வந்து மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் நகர மன்றத்தில் கொடுத்தாக வேண்டும்.

பத்து மணிக்குமேல் கார் வந்தது. மணுபாய் இறங்கினார். முழங்கால்வரை சேறு. ஒரு தொப்பியைக் காணோம்.

"ஊர்மிளா!" வாசலிலிருந்தே கத்தினார். "நான் எங்க சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வச்சு, விமான டிக்கெட்டும் எடுத்துக் குடுத்தேன், அப்பவும் முகூர்த்தத்துக்கு எவனும் எந்திரிக்கலை. இங்க என்னடான்னா ரெண்டு கிழவிங்க இருட்டுல சேத்துல நிக்கிறாங்க, ஒரு பறவைக்காக! அப்புறம் அதுங்க எல்லாம் ஒண்ணா எந்திரிச்சுது பாரு... சத்தமா அது! நம்ம பேண்டு வாத்தியம் தோத்துச்சு. அந்தக் கிழவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. எதுக்கு அழறேன்னு கேட்டா, தெரியலைங்கறா."

"நீங்க அழுதீங்களா?"

"பனி. கண்ணுல பனி." நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "இந்த மாதிரி பைத்தியம் பிடிச்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"நாடு பூரா இருக்காங்க மோட்டாபாய். அவங்களுக்கு கார்வர்னு ஒரு ஊர் இருக்கறது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பணம்."

மணுபாய் ட்ரேசியைப் பார்த்துப் பேனாவுக்குக் கையை நீட்டினார். அவள் கொடுத்த வேகத்தில் பேனா கீழே விழுந்தது. மூன்று பேர் குனிந்தார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர் சுவரிலிருந்த உரிமத்தைக் காட்டினார். "தாக்கோர், அதைக் கழட்டு. திங்கட்கிழமை போய் இவ பேருக்கு மாத்து. அடுத்த தடவையும் நான் சேத்துல இறங்க முடியாது. அப்புறம் பாவினுக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

நகர மன்றத்தில் இதைப் பேசிய நாளில் பழைய சாலையிலிருந்து பாதிப் பேர் போயிருந்தோம். ஊர்மிளாபென் பேசுவதற்குத் தயாராகப் போயிருந்தார். யாராவது எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள், யாரும் எழவில்லை, முடிந்தது என்றார்கள். அடுத்து சாக்கடைக் குழாய் விஷயத்துக்குப் போய்விட்டார்கள். "இவ்வளவுதானா?" என்று அவர் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். பேச முடியாமல் போனது அவருக்குப் பெரிய நஷ்டம்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ட்ரேசியின் குழுவில் குளிர்காலத்துக்கென்று அவரையும் சேர்த்தார்கள். விளம்பரப் படத்தில் நாரை மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் ஒரு ஹீட்டரும் தடிமனான போர்வையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெரிய ஓட்டல்காரர்கள் சிரித்தார்கள். "சிரிங்க. குளிர்ல நிக்கப்போறவனுக்குப் போர்வைதான் முதல்ல கண்ணுல படும்," என்றார். போர்வை வந்தது. ஹீட்டர் வரவில்லை.

முதல் குளிர்காலம் சுமாராகப் போயிற்று. பாவின் மறுபடி பேச்சை எடுத்தான், ஆனால் இந்தத் தடவை கேள்வியாகத்தான் கேட்டான். இரண்டாவது குளிர்காலத்தில், டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, நான் பதினேழாம் அறைக்குப் போர்வை போட்டுவிட்டுத் திரும்பும்போது ஊர்மிளாபென் கல்லாவில் அசையாமல் நின்றிருந்தார். எதிரே சாவி மாட்டும் பலகை. எல்லாக் கொக்கியும் காலி.

"பாக்கியம், எல்லாம் போயிடுச்சு," என்றார்.

வாசலில் எங்கள் பெயர்ப்பலகைக்குக் கீழே 'காலி அறை' என்று சிவப்பு விளக்கு எரியும். நிரம்பிவிட்டால் அதோடு 'இல்லை' என்று இன்னொரு சொல்லும் எரிய வேண்டும். ஊர்மிளாபென் அதன் பொத்தானைப் போட்டார். எரியவில்லை. அணைத்துப் போட்டார். குளிரில் அந்த விளக்கைப் போட்டு எத்தனை காலமாயிற்றோ, உள்ளே என்ன ஆயிற்றோ. அதற்குள் இன்னொரு கார் உள்ளே திரும்பியது.

தாக்கோர்பாய் ஏணியையும் குறடையும் எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார். ஊர்மிளாபென் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். கார் கண்ணாடி இறங்கியது.

"இடம் இல்லை!" என்றார் சத்தமாக. "ஒரு அறைகூட இல்லை! நேரா போங்க, கபில் இருப்பார், உர்மி அனுப்பிச்சான்னு சொல்லுங்க!"

அந்தக் கார் போனதும் அடுத்தது வந்தது. அதற்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கு இன்னும் சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முகம் அப்படி விரிந்தது.

ஏணி மேலிருந்து தாக்கோர்பாய் கூப்பிட்டார். "ஒரு கம்பிதான் விட்டிருக்கு. இதோ ஒரு நிமிஷத்துல எரிஞ்சிடும்."

"ஒண்ணும் அவசரம் இல்லை," என்றார் ஊர்மிளாபென், சாலையில் தெரிந்த அடுத்த விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தபடி. "மெதுவாவே பண்ணுங்க."